நடுவுநிலைமையும் பந்தயமும்

கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட குடும்பங்களில் வாசிக்கப்பெறும் இவ்விதழில், எருது விடும் விழாவைப் பற்றியும் அமெரிக்க நாட்டுக் கார் பந்தயத்தைப் பற்றியும் எழுபது கடந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். எனக்கே அது வியப்புதான். ஆயினும், என் வீட்டுத் திண்ணையில் நிகழ்ந்த ஓர் உரையாடலில் நான் சொன்ன விடை தவறானது என்று என் மனம் இடித்துரைத்துக்கொண்டே இருப்பதால், அதனை எழுதித் தீர்த்துக்கொள்வதே நலம் எனத் துணிந்தேன்.

ஆரணிப் பக்கத்தில் பிறந்த நான், ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணி நிமித்தமாகத் திருப்பத்தூர்ப் பகுதிக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவள். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான எங்கள் திருப்பத்தூரிலும், அண்டையிலுள்ள வேலூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும், தை பிறந்துவிட்டால் எருது விடும் விழா தொடங்கிவிடும். மாடு விடும் விழா என்றும் மக்கள் கூறுவர். மதுரைப் பக்கத்துச் சல்லிக்கட்டைப் போல எருதைத் தழுவி அடக்குவது இங்கே இல்லை. தெருவின் இருமருங்கும் தடுப்புக் கட்டி, எருதுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவர். குறித்த தூரத்தை எந்த எருது மிகக் குறைந்த நேரத்தில் கடக்கிறதோ அதற்கே முதற்பரிசு. ஆகவே இது வீரவிளையாட்டு என்பதைவிட ஓட்டப்பந்தயம் என்பதே பொருந்தும். நொடியிற் சிறு பகுதியே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும்.

இதற்குச் சட்டமும் உண்டு. 2009இல் தமிழக அரசு சல்லிக்கட்டை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென்று கூறித் தடை விதித்தது. 2017 சனவரியில் நடந்த மாபெரும் கிளர்ச்சிக்குப் பின் வந்த திருத்தச் சட்டம், சல்லிக்கட்டு என்னும் சொல்லுக்கு வரையறை கூறும்போது மஞ்சுவிரட்டு, வடமாடு ஆகியவற்றோடு எருது விடும் விழாவையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது. 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அச்சட்டம் செல்லும் என்றது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி, கால்நடை மருத்துவரின் சோதனை, தடுப்பு வேலி, கால வரம்பு எனப் பல நிபந்தனைகள் இன்று உள்ளன.

நான் அவ்விழாவைக் காணச் செல்வதில்லை. வாயில்லாப் பிராணியின் அச்சத்தைக் கண்டு ஆரவாரிப்பது நமக்கு ஒவ்வாதது. இதனை இங்கேயே கூறிவிடுகிறேன். ஏனெனில் இக்கட்டுரையில் ஆராயப்படுவது அதுவன்று.

ஒரு தை மாத இறுதியில், என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த மாணவர் ஒருவர் வந்தார். இப்போது ஐம்பது வயதை நெருங்குபவர். சிறு நிலமும் ஓர் எருதும் அவருடைய உடைமை. பெற்ற பிள்ளையைப் போல் அதனைப் பேணுபவர். அருகிலுள்ள ஒரு சிற்றூரின் விழாவில் அவருடைய எருதுக்கு 174ஆம் எண் டோக்கன் கிடைத்திருந்தது. விடியுமுன்னே சென்று வரிசையில் நின்றிருக்கிறார். அனுமதித்த நேரம் முடிந்துவிட்டதென்று, இவருக்கு முன் இரண்டு எருதுகள் இருக்கும்போதே விழாவை நிறுத்திவிட்டனர்.

"நேரம் முடிஞ்சதுன்னு நிறுத்தினாங்க டீச்சர். அது சட்டம், சரி. ஆனா டோக்கனே இல்லாத மூணு மாட்ட எங்களுக்கு முன்னால விட்டாங்களே, அப்ப அந்தச் சட்டம் எங்க போச்சு?" என்று கேட்டார். அம்மூன்றும் ஊரில் செல்வாக்குடைய ஒருவரின் எருதுகளாம்.

நான் சொன்ன விடை இது: "போகட்டும் தம்பி, உன் எருது அன்றைக்கு ஓடாமல், அடிபடாமல் வீடு திரும்பியதே, அதுவே புண்ணியம் என்று நினைத்துக்கொள்." அவர் ஒன்றும் பேசவில்லை. மோர் அருந்திய டம்ளரைத் திண்ணையோரம் வைத்துவிட்டு, "சரிங்க டீச்சர்" என்று எழுந்து போனார்.

அவர் சென்றபின் சிந்தித்தேன். அவர் என்னிடம் கேட்டது எருதை ஓட்டலாமா, கூடாதா என்பதன்று. எல்லோருக்கும் ஒன்றாய் வகுக்கப்பட்ட விதி தனக்கு மட்டும் விதியாகவும் இன்னொருவருக்கு வெறும் எழுத்தாகவும் போனது முறையா என்று கேட்டார். எனக்கு அவ்விழா பிடிக்காது என்பதால், அதனுள் அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி எனக்குச் சிறிதாகத் தோன்றிவிட்டது. அகிம்சையைத் திரையாக்கி அதன் பின்னே நான் ஒளிந்துகொண்டேன் என்பதே உண்மை.

இவ்வெண்ணம் என்னை உறுத்திக்கொண்டிருந்த நாளில், மகள் வயிற்றுப் பேரன் தொலைபேசியில் பேசினான். அவன் அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரில் ஒரு வங்கியில் கணினிப் பணி செய்பவன். 'ஸ்டாக் கார்' எனப்படும் கார் பந்தயத்துக்கு அந்நகரமே தலைமையிடம் போன்றது. கடையில் பொதுமக்களுக்கு விற்கும் காரையே மாற்றமின்றிப் பந்தயத்தில் ஓட்டுவது என்பது அச்சொல்லின் ஆதிப்பொருள். நான் எருதின் கதையைச் சொல்ல, அவன் காரின் கதையைச் சொன்னான். கேட்கக் கேட்க, இரண்டும் ஒரே கதையாகவே எனக்குப் பட்டது. பின்னர் அவன் அனுப்பிய செய்திகளையும் படித்தறிந்தே இதனை எழுதுகிறேன்.

பில் ஃபிரான்ஸ் என்பவரின் தலைமையில் 1948இல் தொடங்கப்பட்ட நாஸ்கார் என்னும் அமைப்பு, 1949 சூன் 19ஆம் நாள் இவ்வகைப் பந்தயங்களில் முதலாவதைச் சார்லட்டில் நடத்தியது. முதலில் வந்தவர் கிளென் டனவே. பந்தயம் முடிந்து காரைச் சோதித்தபோது, பின்புற வில்கள் மாற்றியமைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. கள்ளச்சாராயம் கடத்துவோர் சுமையோடு விரைந்தோடுவதற்காகச் செய்துகொள்ளும் மாற்றமாம் அது. டனவேயின் வெற்றி பறிக்கப்பட்டது. அடுத்து வந்த ஜிம் ரோப்பர் வென்றவரானார். காரின் உரிமையாளர் 10,000 டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். நீதிபதி அதனைத் தள்ளுபடி செய்தார். விதி வகுக்கும் உரிமை அமைப்புக்கு உண்டென்பது முதற்பந்தயத்திலேயே நிலைநாட்டப்பட்டது.

இத்தனை நேர்மையாய்த் தொடங்கியது அப்படியே நடந்ததா என்றால், இல்லை. 1983 அக்டோபர் 9ஆம் நாள், அதே சார்லட் நகரில், ரிச்சர்டு பெட்டி முதலில் வந்தார். அவர் அப்பந்தயத்தின் மாபெரும் வீரர். இரசிகர்கள் அவரை 'அரசர்' என்றே அழைப்பர். சோதனையில், 358 கன அங்குலத்துக்கு மேற்படக் கூடாத எஞ்சின் ஏறத்தாழ 382 கன அங்குலம் இருந்தது. இடப்புறத்துக்குரிய டயர்கள் வலப்புறத்தில் மாட்டப்பட்டிருந்தன. டனவேயின் வில்லைவிட இது எவ்வகையிலும் சிறிய பிழையன்று. அபராதம் 35,000 டாலர். ஆண்டுக் கணக்கில் 104 புள்ளிகள் குறைப்பு. ஆனால் வெற்றி அவருடையதாகவே நின்றது. அதுவே அவருடைய 198ஆவது வெற்றி. மறு ஆண்டு 200ஐ எட்டியபோது நாடே கொண்டாடியது. இரண்டாவதாக வந்த டாரல் வால்ட்ரிப் இரண்டாமவராகவே இருந்தார்.

பணம் கொடுத்துப் பந்தயம் காண வந்தவர்கள், வென்றவர் யார் என்று அறிந்தே வீடு திரும்ப வேண்டும். திங்கட்கிழமை காலையில் வெற்றியாளர் மாறலாகாது என்பது அவ்வமைப்பினர் நெடுங்காலம் கூறிவந்த காரணம். பார்ப்பவர் மனம் கோணாதிருக்க வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவ்வக்கறையின் விலையைக் கொடுத்தவர் யார்? அமைப்பும் அன்று, பார்வையாளரும் அல்லர். சரியான காரை ஓட்டி இரண்டாவதாக வந்தவரே கொடுத்தார்.

அபராதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டக்கூடியவனுக்கு அபராதம் தண்டனையாக இராது. வெற்றிக்குக் கொடுக்கும் விலையாகிவிடும். நம் பாலாற்றங்கரையில் இதனை நாம் அறிவோம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைக் குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஐந்து மாவட்டங்களின் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சிறிய ஆலைக்கும் பெரிய ஆலைக்கும் அதே தொகை. கழிவைத் தூய்மை செய்யாத ஆலை மூடப்பட வேண்டும் என்ற ஆணையும் உடன் இருந்ததாற்றான் அத்தீர்ப்புக்கு உயிர் இருந்தது. தொகை மட்டுமே இருந்திருப்பின், நான்கு தொட்டிகளே உடைய சிறு ஆலைக்காரருக்கு அது சுமையாகவும், பெரிய ஏற்றுமதியாளருக்கு ஒரு நாள் செலவாகவும் முடிந்திருக்கும். ஒரே எண்ணை எல்லோர் மீதும் எழுதிவிடுவதும் ஒரே நீதி ஆகாது போலும்.

மீண்டும் பந்தயத்துக்கு வருவோம். 2019இல் நாஸ்கார் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. இனிச் சோதனையில் தவறும் கார் வென்றதாகக் கொள்ளப்படாது என்று பருவம் தொடங்குமுன்னரே அறிவித்தது. 2022 சூலை 24ஆம் நாள் பொகோனோ என்னுமிடத்தில் முதலாவதாக வந்த டென்னி ஹேம்லினும், இரண்டாவதாக வந்த கைல் புஷ்ஷும் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். காரின் முன்புறத்தில் விதிக்குப் புறம்பாக ஒட்டப்பட்டிருந்த மெல்லிய ஒட்டுப்படலமே காரணம். மூன்றாவதாக வந்த சேஸ் எலியட் வென்றவரானார். அப்பந்தயத்தின் உயர்நிலைப் பிரிவில் 1960க்குப் பின் வெற்றியாளர் ஒருவரின் வெற்றி பறிக்கப்பட்டது அதுவே முதன்முறை. ஹேம்லினின் அணியினர் மேல்முறையீடு செய்யவில்லை. எஞ்சினையே பெரிதாக்கி ஓட்டிய 'அரசர்' வெற்றியை வைத்துக்கொண்டார், ஒட்டுப்படலத்துக்கு இவருக்கு வெற்றி போயிற்றே என்று வருந்தியவர் உண்டு. வருத்தம் நியாயமே. எனினும் 1983இல் தவறவிட்டதைக் காட்டி 2022இலும் தவறவிட வேண்டும் என்றால், திருந்துவதற்கு நாளே கிடையாது. முன்கூட்டி அறிவித்தார்கள் அல்லவா, அதுவே முக்கியம்.

அங்கும் எல்லாம் சீராகிவிட்டது என்று கருத வேண்டா. 2024 ஆகஸ்டு 11இல் ரிச்மண்டில் ஆஸ்டின் டில்லன், கடைசிச் சுற்றில் இருவர் கார்களை மோதி ஒதுக்கி வென்றார். வெற்றி அவருக்கே விடப்பட்டது. அதனால் கிடைக்க வேண்டிய இறுதிச்சுற்றுத் தகுதி நீக்கப்பட்டது. பாதி வழியில் நின்ற தீர்ப்பு இது என்பது என் எளிய கருத்து.

நம் தத்துவார்த்த சூத்திரத்தில் கள்ளாமை விரதத்துக்கு உரிய அதிசாரங்கள், அதாவது விரதத்தை மாசுபடுத்தும் செயல்கள், ஐந்தாகக் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, அளவையும் நிறையையும் கூட்டியும் குறைத்தும் வைத்திருத்தல். வாங்கும்போது ஒரு படி, விற்கும்போது ஒரு படி என்பதைத்தான் சிறுவயதில் என் பாட்டனார் இதற்கு விளக்கமாகச் சொல்வார். மளிகைக் கடைக்காரருக்குச் சொன்னது என்று எண்ணி நான் பல ஆண்டுகள் அதனைக் கடந்து சென்றுவிட்டேன். படி வைத்திருப்பவர் வணிகர் மட்டுந்தானா? விடைத்தாள் திருத்துபவர், வரிசையை ஒழுங்குபடுத்துபவர், பந்தயத்தில் கொடி பிடிப்பவர் ஆகிய அனைவர் கையிலும் ஒரு படி இருக்கிறது. ஆளுக்கொரு படி அளப்பது பொய் என்றோ ஓரவஞ்சனை என்றோ மட்டும் கூறப்படாமல், களவின் கீழ் வைக்கப்பட்டிருப்பதை நோக்குக. ஒருவருக்குக் கூட்டி அளந்தது இன்னொருவரிடமிருந்து எடுக்கப்பட்டதே.

இதனை நான் பிறரைச் சுட்டி எழுதவில்லை. 1993ஆம் ஆண்டு, நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டிக்கு என்னை நடுவராக நிறுத்தியிருந்தனர். கடைசியாக வந்து சேர்பவரே வென்றவர். கால் தரையில் பட்டால் வெளியேற வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண்கள் அறுவர். வசதியான வீட்டுப் பெண் ஒருத்தியின் கால் விரல் தரையைத் தொட்டது. விசிலை ஊதி வெளியேற்றினேன். சிறிது நேரத்தில் மற்றொரு பெண்ணின் காலும் தொட்டது. அவள் தந்தை தோல் ஆலைத் தொழிலாளி. ஆறு திங்களுக்கு முன் இறந்துபோனவர். பழைய பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரோ இரவல் கொடுத்த சைக்கிளில் அவள் தள்ளாடித் தள்ளாடி வந்துகொண்டிருந்தாள். விசில் என் உதட்டில்தான் இருந்தது. ஊதவில்லை. அவளே வென்றாள். பரிசு ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதை வாங்கும்போது அவள் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைக் கண்டு, அன்றிரவு நான் மிகுந்த மனநிறைவோடு உறங்கினேன்.

மறுநாள் வகுப்பறை வாசலில் முதற்பெண் நின்றிருந்தாள். "டீச்சர், என் கால் மட்டுந்தான் உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்றாள்.

"அவளுடையது எனக்குத் தெரியவில்லை" என்றேன். ஓரவஞ்சனையோடு பொய்யும் சேர்ந்துகொண்டது. இத்தனை ஆண்டுகளில் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் பலரின் பெயர் மறந்துவிட்டது. அவள் கேட்ட குரல் மறக்கவில்லை.

நான் செய்தது கருணையன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். அந்நாளில் நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். கருணை காட்ட வேண்டுமாயின், இருவர் காலும் பட்டது என்று சொல்லிவிட்டு, மாலையில் கடைத்தெருவுக்குச் சென்று என் சம்பளத்தில் ஒரு டிபன் பாக்ஸ் வாங்கி அக்குழந்தையின் வீட்டில் கொடுத்திருக்கலாம். அப்போது அது என் பையிலிருந்து போயிருக்கும். நான் கொடுத்ததோ மற்றொரு குழந்தையின் பையிலிருந்து எடுத்தது. அவள் வசதியானவள் என்பதால் எடுத்தது எனக்கு உறைக்கவில்லை. 1983இல் சார்லட் நகரத்தார் செய்ததும் இதே வள்ளன்மைதான்.

விதி என்றால் இரக்கமற்றதாகத்தான் இருக்க வேண்டுமோ என்ற ஐயமும் எழும். மனுநீதிச் சோழன் கதையை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தேர்க்காலில் கன்று இறந்ததற்குத் தன் மகனையும் தேர்க்காலில் இட்ட மன்னனின் நடுவுநிலைமையைப் பிள்ளைகள் வாய்பிளந்து கேட்பர். எனக்கு மட்டும் அக்கதையின் முடிவு ஒருநாளும் இனித்ததில்லை. ஓர் உயிருக்கு இன்னோர் உயிரை எடுத்தால் கணக்கு நேராகிறது, துன்பம் இரட்டிப்பாகிறது.

நம் ஆசாரியர்கள் வேறு வழி கண்டனர். துறவி ஒருவர் பிழை செய்தால் அதற்குரிய பிராயச்சித்தங்களைப் படிப்படியாக வகுத்துள்ளனர். பிழையைக் குருவின் முன் வாய்விட்டுச் சொல்வது முதற்படி. பிறகு தவம், விலக்கு எனப் பல. அவற்றுள் 'சேதம்' என்று ஒன்று உண்டு: துறவு பூண்ட கால மூப்பில் சில நாளையோ திங்களையோ குறைத்துவிடுதல். நேற்றுவரை தமக்கு இளையவராய் இருந்தவரை இன்று இவர் முதலில் வணங்க வேண்டியதாகும். இதனைப் பேரனிடம் சொன்னபோது, "பாட்டி, இது புள்ளி குறைப்பதைப் போலல்லவா இருக்கிறது!" என்று வியந்தான். பிழை செய்தவரின் வயது, உடல்வலிமை, மனநிலை ஆகியவற்றை நோக்கித் தண்டனையின் கடுமையைக் கூட்டவோ குறைக்கவோ குருவுக்கு இடமுண்டு. ஆனால் பிழை நிகழவே இல்லை என்று கூற யாருக்கும் இடமில்லை. என் விசில் பிழைத்தது அந்த இடத்தில்தான்.

அதிகாரிகளுக்கும் இது பொருந்தும். 2023 பிப்ரவரி 2ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டம் கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி கிடைப்பது தாமதமானதால் திரண்டிருந்த கூட்டம் சினங்கொண்டு, சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது. கல்லெறியும் நடந்தது. கல்லெறிந்ததை யாரும் ஏற்க இயலாது. எனினும் அனுமதி உண்டா, இல்லையா என்பது முன்னரே தெரிந்திருந்தால், எருதையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அத்தனை பேர் விடியலில் அங்கே வந்து காத்திருந்திருக்க மாட்டார்கள். கண்டிப்பான விதியைக்கூட நம் மக்கள் பொறுத்துக்கொள்வர். என் மாணவரே, நேரம் முடிந்ததும் நிறுத்தியது சரி என்றுதானே தொடங்கினார்.

சென்ற திங்கள் அவருக்கு ஆள் அனுப்பி வரவழைத்தேன். அன்று நான் சொன்னது முறையான விடையன்று என்றேன். அவர் கூச்சத்தோடு, "விடுங்க டீச்சர், அதெல்லாம் நான் மறந்துட்டேன்" என்றார். மறக்கவில்லை என்பது தெரிந்தது. ஏனெனில் டோக்கன் அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். விழாக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவோம் என்றேன். டோக்கன் எண்களையும் எருதின் உரிமையாளர் பெயர்களையும் முதல்நாளே ஊர்ப்பொதுவிடத்தில் ஒட்டிவைக்க வேண்டும். எண் இல்லாத எருது யாருடையதாயினும் அவிழ்க்கப்படக் கூடாது. ஓடிய நேரத்தை அப்போதே ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். நேரம் முடிந்து ஓடாமல் நின்றவற்றுக்கு நுழைவுக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். இவற்றோடு, வாலை முறுக்குவோரின் எருதைப் பந்தயத்திலிருந்தே நீக்க வேண்டும் என்ற ஒன்றையும் நானாகச் சேர்த்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அதுவும் எல்லாருக்கும்னா சரிங்க டீச்சர்" என்றார்.

என் கையெழுத்திலேயே ஒன்றரைப் பக்கம் வந்தது. முடிவில், 'விழா இனிதே சிறக்க வாழ்த்துகிறோம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அந்த ஒரு வரியை மட்டும் அவரே எழுதட்டும் என்று பேனாவை அவரிடம் கொடுத்துவிட்டேன்.